வீட்டுச் சேமிப்புப் பெட்டி பழுதுற்றால்

சேமிப்புப் பெட்டி பழுதாகிவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது, அவர் இரு வேறு செய்திகளை ஒரே வாக்கியத்துள் அடக்கிவிடுகிறார். பெட்டி இயங்கவில்லை என்பது ஒன்று. அதனுள் இட்டுவைத்த படங்களும் கடிதங்களும் கணக்குகளும் அழிந்தொழிந்தன என்பது மற்றொன்று. முன்னையது கண்ணாற் கண்டது; பின்னையது அச்சத்தால் ஊகித்தது. இவ்விரண்டையும் வேறு பிரித்து நோக்காமையினாலேயே, மீட்கக் கூடியனவாயிருந்த பொருள்கள் பல உடையவர் கையாலேயே அழிந்துபோகின்றன.

நாஸ் என்று சுருக்கமாக வழங்கப்படும் இப்பெட்டி, வீட்டிலுள்ள றவுற்றரோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு, அவ்வீட்டின் கணினிகளுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் பொதுவான அலுமாரிபோல இயங்குவது. வெளியே பார்ப்போருக்கு அது தனியொரு பொருளாகத் தோன்றும். உள்ளேயோ மூன்று பகுதிகள் உள்ளன. சிறு கணினி ஒன்று. அதற்கு மின் வழங்கும் மாற்றி ஒன்று. ஒன்றோ இரண்டோ நான்கோ வன்தட்டுகள். இம்மூன்றனுள் குடும்பத்தின் செல்வம் இருப்பது வன்தட்டுகளில் மாத்திரமே. மற்றைய இரண்டும் அதனை எடுத்துக் கொடுக்கும் ஏவலாளர். ஏவலாளர் நோயுற்றமைக்காக அலுமாரியை உடைப்பாரில்லை. ஆயினும் இப்பெட்டியின் செய்தியில் அவ்வாறே பலர் செய்கின்றனர்.

இடப்பெயர்வுகளின்போது ஒளிப்பட ஆல்பங்களையும் பத்திரங்களையும் விட்டு வந்த குடும்பங்கள் இலங்கையிற் பல. உறவினர் வீடுகளில் எஞ்சியிருந்த பழைய படங்களை இரவல் வாங்கி, ஒவ்வொன்றாக வருடிக் கணினியில் ஏற்றி, இத்தகைய பெட்டியொன்றில் சேர்த்து வைத்திருப்போர் உளர். இறந்துபோன தாயின் குரல் கைத்தொலைபேசியிற் பதிந்த ஒரு நிமிடப் பேச்சாக அதனுள் இருக்கலாம். பெட்டியை மறுபடியும் கடையில் வாங்கலாம். அந்த ஒரு நிமிடத்தை எங்கும் வாங்க இயலாது. பழுதுற்ற முதல் ஒரு மணி நேரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை அறிந்திருத்தல் இதனாலேயே இன்றியமையாததாகிறது.

முதலாவது செய்யத்தக்கது மின்னை நிறுத்திவிடுதல். பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாக நடப்பர். பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திப் போடுவர். பின்புறத்திலுள்ள மீளமைப்புப் பொத்தானை ஊசியால் அழுத்திப் பார்ப்பர். அப்பொத்தான் செய்யும் வேலை கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். சிலவற்றில் அது நிர்வாகியின் கடவுச்சொல்லை மட்டும் நீக்கும். வேறு சிலவற்றில் பெட்டியைக் கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்கே கொண்டுபோய்விடும். கைநூலை வாசியாது அதனைத் தொடுதல் கூடாது.

அடுத்தது செவியாற் கேட்டல். ஒரே ஒரு முறை மின்னைக் கொடுத்துக் காதைப் பெட்டியருகே வைத்துக் கேட்பின், நோய் எங்கேயுள்ளதென்பது ஓரளவு புலனாகும். நலமுள்ள வன்தட்டு மெல்ல முனகிச் சுழலத் தொடங்கிப் பின் ஒரே சீராக ஓடும். டிக், டிக் என்று அளந்தாற்போல ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்குமாயின், வாசிப்புத் தலை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கிறது என்பது பொருள். அவ்வொலி கேட்ட மாத்திரத்தே மின்னை நிறுத்திவிட வேண்டும். வன்தட்டு சீராக ஓடவும் பெட்டி மட்டும் பேசாதிருக்குமாயின், உடையவர் அச்சம் பாதி நீங்கலாம்.

பெட்டியைக் குற்றஞ்சாட்டுமுன் மின் மாற்றியைச் சோதித்தல் நன்று. விளக்கு எரிகிறதே என்று அதனை ஐயுறாது விடுவோர் பலர். பழைய மாற்றி சிறு சுமையைத் தாங்கும்; வன்தட்டின் மோட்டர் சுழலத் தொடங்கும் கணத்திலோ மின்னோட்டம் பன்மடங்கு வேண்டப்படும். அப்போது அழுத்தம் வீழ்ந்துவிட, பெட்டி மீண்டும் தொடக்கத்திற்கே திரும்பும். அதே வோல்ற்றளவும் அதே முனைவழியும் போதிய அம்பியர் அளவும் உடைய வேறொரு மாற்றியை இட்டவுடன், இறந்ததாகக் கருதப்பட்ட பெட்டி எழுந்துவிடும் நிகழ்ச்சிகள் அரியன அல்ல.

பெட்டிக் கணினியே உயிர்விட்டதற்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. இன்ரெல் கம்பனி 2013 இல் வெளியிட்ட அற்றம் சீ-2000 என்னும் செயலி வரிசை, சேமிப்புப் பெட்டிகள் பலவற்றிற் பொருத்தப்பட்டது. சில ஆண்டுகள் ஓடியபின் அச்செயலியின் கடிகாரச் சைகை நின்றுபோகக் கூடுமென்பதும், நின்றால் பொறி மறுபடி எழாதென்பதும் 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டன. சினோலொஜி கம்பனியின் பெட்டிகள் சிலவும் இக்குறைக்கு ஆளாயின. அவற்றை வைத்திருந்தோர் ஒருநாள் பொத்தானை அழுத்த, நீல விளக்கு மினுங்கியதன்றி வேறொன்றும் நிகழவில்லை. ஆனால் உள்ளிருந்த வன்தட்டுகளுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. அதே கம்பனியின் வேறொரு பெட்டியிற் செருகியவுடன் அவை முன்போலப் பேசின. பலகையில் சிறு மின்தடை ஒன்றைப் பற்றவைத்துப் பழைய பெட்டியையே எழுப்பிக்கொண்டோரும் உளர்.

வேறொரு பெட்டி கைக்கு எட்டாதவிடத்து என் செய்வது? வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளுட் பெரும்பாலானவை லினக்ஸ் இயங்குதளத்தையே உள்ளே கொண்டுள்ளன. ஆதலின் லினக்ஸ் ஓடும் எந்தச் சாதாரணக் கணினியும் அவ்வன்தட்டுகளை வாசிக்கக் கூடியதே. உபுண்டு போன்ற இயங்குதளத்தை யூ.எஸ்.பி. குச்சியொன்றில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து இயக்கலாம். வன்தட்டுகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றும் எத்தனையாம் அறையில் இருந்தது என்பதைத் தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிட வேண்டும். இஃது அற்பமான காரியமாகத் தோன்றும். மேசைமீது ஒரே முகத்தோடு நான்கு தட்டுகள் கிடக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். அவ்வன்தட்டை விண்டோஸ் ஓடும் கணினியிற் செருகினால், லினக்ஸ் முறையில் எழுதப்பட்டதை அது அறியாது. அறியாதென்று சொல்லாமல், இத்தட்டைப் பயன்படுத்துமுன் போமற் செய்ய வேண்டும், செய்யலாமா என்று பணிவோடு கேட்கும். பதற்றத்தில் இருப்பவர் ஆம் என்று அழுத்திவிடுவர். அப்பணிவான கேள்வியினால் அழிந்த படங்கள் எத்தனையோ. அக்கேள்வி எழுந்தவுடன் அதனை இரத்துச் செய்துவிட்டுத் தட்டைக் கழற்றுவதே தக்கது.

லினக்ஸ் கணினியிற் செருகினாலும் எல்லாத் தட்டும் உடனே திறந்துவிடும் என்பதற்கில்லை. வெஸ்ரேண் டிஜிற்றல் கம்பனியின் மை புக் லைவ் என்னும் பெட்டி இதற்கு உதாரணம். அதன் செயலி வேறு வகையினதாதலின், கோப்புகள் 64 கிலோபைற் அளவான துண்டங்களாக எழுதப்பட்டிருந்தன. சாதாரணக் கணினியின் லினக்ஸோ 4 கிலோபைற்றுக்கு மேற்பட்ட துண்டங்களை நெடுங்காலம் ஏற்க மறுத்தது. தட்டு கெட்டுவிட்டதென்று நினைத்து அதனை எறிந்தோர் இருக்கக்கூடும். துண்ட அளவைப் பொருட்படுத்தாது வாசிக்கும் தனி மென்பொருள்கள் அதனை எளிதில் திறந்துவிட்டன. இனி, தரவுகளை மறைகுறியாக்கம் செய்து வைத்தவர்க்குத் திறவுச்சொல்லோ திறவுக்கோப்போ இன்றி எவ்வழியும் இல்லை. அத்திறவுக்கோப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்தவர் நிலை, வீட்டுச் சாவியை வீட்டினுள் வைத்துக் கதவைச் சாத்தியவர் நிலையே.

ஒன்றுக்கு மேற்பட்ட வன்தட்டுகள் உள்ள பெட்டியில், றெயிட் என்னும் ஏற்பாட்டை அறியாது அடியெடுத்து வைத்தல் ஆகாது. 1988 இல் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் என்னும் மூவர் வெளியிட்ட கட்டுரையொன்றினால் இப்பெயர் பரவியது. விலை மலிந்த சிறு தட்டுகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி, அவற்றுள் ஒன்று இறந்தாலும் மற்றவை அதன் குறையை நிரப்புமாறு செய்வதே அவர்களது எண்ணம். இரண்டு தட்டுகளிலும் ஒன்றையே எழுதி வைப்பது அதன் எளிய வகை. ஒன்று போனால் மற்றது முழுமையாக இருக்கும், மீட்பதிற் சங்கடமில்லை.

மூன்றோ நான்கோ தட்டுகள் சேர்ந்த வகைதான் சிறிது சிந்திக்கற்பாலது. பாடசாலைப் புள்ளிப் பதிவேட்டை நேயர்கள் மனத்திற் கொள்க. ஒரு மாணவனுக்குத் தமிழில் 62, கணிதத்தில் 71, விஞ்ஞானத்தில் 55, மொத்தம் 188 என்று எழுதப்பட்டுள்ளது. மழை ஒழுக்கினால் கணிதப் புள்ளி மட்டும் அழிந்துவிட்டது. ஆசிரியர் கலங்க வேண்டுவதில்லை. 188 இலிருந்து 62 ஐயும் 55 ஐயும் கழித்தால் 71 தானே வெளிப்படும். நான்காவது தட்டில் எழுதப்படுவது இத்தகைய மொத்தமே. கணினி கூட்டலுக்குப் பதிலாக வேறொரு தருக்கச் செய்கையைக் கையாளுகிறது என்பதும், மொத்தத்தை ஒரே தட்டில் வையாது வரிசைக்கு வரிசை இடம் மாற்றி எழுதுகிறது என்பதும் மட்டுமே வேறுபாடு. அந்த ஒரு வரியில் இரண்டு எண்கள் அழிந்துவிட்டாலோ ஆசிரியர் மறுபடி பரீட்சை வைக்க வேண்டியதுதான்.

இவ்வுவமையிலிருந்து பெறப்படும் ஆபத்து ஒன்றுண்டு. ஒரு தட்டு இறந்தவுடன் உடையவர் கடைக்கு ஓடிப் புதுத் தட்டொன்று வாங்கிச் செருகுவர். பெட்டி அதனை நிரப்பத் தொடங்கும். நிரப்புவதற்கு எஞ்சிய தட்டுகள் மூன்றையும் தொடக்கம் முதல் இறுதி வரை வாசித்தாக வேண்டும். 4 டெறாபைற் தட்டுகள் நான்காயின், வாசிக்க வேண்டியது 12 டெறாபைற். வீட்டு உபயோகத் தட்டுகள் பலவற்றின் விவரத்தாளில், ஒரு கோடி கோடி பிற்றுகளுக்கு ஒன்றுக்கு மேற்படாத வாசிப்புப் பிழை என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒரு கோடி கோடி பிற்று என்பது 12.5 டெறாபைற். நடைமுறையில் தட்டுகள் இதனினும் நன்றாகவே நடந்துகொள்கின்றன எனினும், அவையெல்லாம் ஒரே நாளில் வாங்கப்பட்டு, ஒரே வெப்பத்தில், ஒரே மின்வெட்டுகளைக் கண்டு முதுமையடைந்தவை என்பதை மறக்கலாகாது. 2022 இல் இலங்கையில் ஒரு நாளிற் 13 மணி நேரம் வரையும் மின் துண்டிக்கப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்று நின்று எழுந்த பெட்டிகளுக்கு அது நல்ல காலமன்று. ஒன்று இறந்த வீட்டில் இன்னொன்று நலமாயிருக்கும் என்று எண்ணுதற்கு நியாயமில்லை. ஆதலின் புதுத் தட்டைச் செருகுமுன், எஞ்சிய தட்டுகளில் உள்ளதை வேறிடத்திற் பிரதி எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. பெட்டி குறைபட்ட நிலையிலும் வாசிக்கத் தருமாதலின் அதற்கு இடமுண்டு.

லினக்ஸ் கணினியில் இத்தட்டுகளைச் சேர்க்கும்போது இரண்டு கட்டளைகளிடையே மயக்கம் நேரக்கூடும். ஏற்கெனவே உள்ள கட்டைத் தட்டுகளின் குறிப்பேட்டைப் பார்த்துப் பொருத்துவது ஒரு கட்டளை. புதிதாக ஒரு கட்டை ஆக்குவது இன்னொரு கட்டளை. ஒவ்வொரு தட்டிலும் அது எந்தக் கட்டைச் சேர்ந்தது, எத்தனையாவது உறுப்பு என்ற குறிப்பு பதிந்துள்ளது. பொருத்தும் கட்டளை அதனை வாசிப்பது. ஆக்கும் கட்டளையோ அதன்மேல் புதுக் குறிப்பை எழுதுவது. அரைகுறையாகக் கேட்டறிந்த ஒருவர் சொல்லை நம்பி இரண்டாவதைத் தட்டச்சுச் செய்தவர், வரிசையோ துண்ட அளவோ பிசகினால், மொத்தமெல்லாம் பிழையாகக் கணக்கிட்டு எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். எந்நிலையிலும் வாசிப்பதற்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டுடனேயே தட்டைத் திறத்தல் வேண்டும்.

இனி வன்தட்டே நோயுற்ற நிலை. அதன் உள்ளே கண்ணாடிபோல் மினுங்கும் வட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. வாசிப்புத் தலை அவற்றைத் தொடாது, சில நனோமீற்றர் உயரத்திற் பறக்கிறது. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர் என்பதை எண்ணினால் அவ்வுயரம் எத்தகையது என்பது விளங்கும். புகையின் துணிக்கைகூட அங்கே ஒரு பாறை. வீட்டு மேசையில் தட்டின் மூடியைத் திறத்தல் எக்காலத்தும் செய்யத்தகாதது; துணிக்கைகள் வடிகட்டப்பட்ட காற்றுள்ள ஆய்வுகூடத்திலேயே அதனைத் திறப்பர். தட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் ஓர் இரவு வைத்தால் உயிர்பெறும் என்றொரு கைவைத்தியம் உலவுகிறது. ஈரக்காற்று மிகுந்த இந்நாட்டில், வெளியே எடுத்த தட்டின்மேல் நீர்த்துளிகள் படிவதே அதனாற் கிடைக்கும் பயன். அதே மாதிரியான வேறொரு தட்டின் மின்பலகையைக் கழற்றிப் பூட்டுவதும் இக்காலத்திற் பலிப்பதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் உரிய தனி அளவைகள் அதனதன் பலகையிலுள்ள சிறு சில்லில் எழுதப்பட்டிருக்க, அச்சில்லையும் மாற்றினாலன்றித் தட்டு பேசாது.

தட்டு சுழல்கிறது, ஆனால் இடைக்கிடையே சில பகுதிகளை வாசிக்க இயலாது திணறுகிறது என்ற நிலைக்கு வீட்டிலேயே செய்யத்தக்க பரிகாரம் உண்டு. கோப்பு கோப்பாக எடுக்க முயலாமல், தட்டு முழுவதையும் அதனினும் பெரிய நல்ல தட்டொன்றிற்கு அச்சுப்படியாக எடுத்தலே அது. அன்ரோனியோ டியஸ் டியஸ் என்பார் எழுதி, 2004 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் டிடிறெஸ்கியூ என்னும் மென்பொருள் இதற்கென்றே அமைந்தது. அது முதலில் இலகுவாக வாசிக்கக் கூடிய இடங்களையெல்லாம் விரைந்து எடுத்துவிடும். திணறும் இடத்தில் நின்று தட்டை வதைக்காமல் தாண்டிச் செல்லும். பின்னர் திரும்பி வந்து விட்ட இடங்களைச் சிறிது சிறிதாக முயலும். எங்கெங்கே எடுத்தது, எங்கெங்கே எடுக்கவில்லை என்பதை ஒரு படக்கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், இடையில் மின் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதன்பின் மீட்பு வேலை யாவும் படியின்மீதே நடத்தல் வேண்டும். மூலத்தை மறுபடி தொட வேண்டுவதில்லை. படி எடுக்கும்போதே டிக், டிக் ஒலி தோன்றினால் உடனே நிறுத்தி, தரவு மீட்பையே தொழிலாகக் கொண்ட ஆய்வுகூடத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் கேட்கும் தொகை பெரிது. உடையவர் பலமுறை முயன்று பார்த்த தட்டாயின் அவர்களாலும் இயலாது போகலாம்.

பொறி எதுவும் கெடாமலே தரவு மறைந்துபோன நிகழ்ச்சியும் உண்டு. முன்னர்ச் சுட்டிய மை புக் லைவ் பெட்டிக்குக் கம்பனி 2015 இற்குப் பின் மென்பொருட் திருத்தம் எதனையும் வழங்கவில்லை. ஆனால் பெட்டிகள் பல வீடுகளில் இணையத்தோடு இணைந்தபடியே ஓடிக்கொண்டிருந்தன. 2021 யூன் மாதம் 23 ஆம் திகதியும் அதனை அடுத்தும், உலகின் பல பகுதிகளில் உடையவர்கள் பெட்டியைத் திறந்தபோது கோப்புறைகள் யாவும் வெறுமையாக இருந்தன, கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை. தொலைவிலிருந்த எவரோ மென்பொருட் குறைகளைப் பயன்படுத்திப் பெட்டிகளை முதல்நாள் நிலைக்கு மீளமைத்திருந்தனர். கடவுச்சொல் கேட்டபின்பே மீளமைப்பதற்கென எழுதப்பட்டிருந்த வரிகள், கம்பனியின் மென்பொருளிலேயே செயலற்றனவாக விடப்பட்டிருந்தமை பின்னர்த் தெரியவந்தது. இணையத்திலிருந்து பெட்டியைக் கழற்றிவிடுமாறு அறிவித்த கம்பனி, பாதிக்கப்பட்டோருக்குத் தரவு மீட்புச் சேவையையும் வழங்க முன்வந்தது.

வெறுமையான கோப்புறையைக் கண்டும் மீட்பு எவ்வாறு இயலும்? மீளமைப்பு என்பது பெரும்பாலும் நூலகத்தின் அட்டவணையைக் கிழித்துப் புதிய வெற்று அட்டவணை வைப்பதைப் போன்றது. நூல்கள் தட்டுகளிலேயே இருக்கும். புது நூல் ஒன்று வந்து அவ்விடத்தைப் பிடிக்கும் வரைக்கும் இருக்கும். ஆகவே அன்று மின்னை உடனே நிறுத்தியவர் பெரும்பகுதியை மீட்க வாய்ப்புப் பெற்றனர். என்ன நடந்ததென்று பார்ப்பதற்காகப் பழைய படங்களை மறுபடி ஏற்றத் தொடங்கியவரோ எஞ்சியிருந்ததன் மேலேயே எழுதினர். கிறிஸ்தோப் கிறெனியே என்பாரின் போட்டோறெக் என்னும் மென்பொருள், அட்டவணையைப் பாராது தட்டை நேரே துழாவி, ஒளிப்படத்தின் தொடக்க அடையாளம் காணுமிடமெல்லாம் ஒரு கோப்பாக எடுத்துத் தரும். பெயரும் கோப்புறையும் திரும்பக் கிடையா. திருமணமும் பாடசாலை விளையாட்டுப் போட்டியும் இறுதிச் சடங்கும் எண்ணிடப்பட்ட ஆயிரக்கணக்கான கோப்புகளாகக் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க வீட்டிலுள்ள முதியவரை அருகில் இருத்திக்கொள்ளல் வேண்டும். எந்தப் படம் எந்த ஆண்டினது என்பதை எந்த மென்பொருளும் அவரைப்போலச் சொல்லாது. சுழலும் தட்டுக்கே இவ்வாய்ப்பு உரியது. எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லு வகைச் சேமிப்புகளில், அழித்த இடத்தை அவை தாமே துடைத்துவிடுவதால், நம்பிக்கை மிகக் குறைவு.

இரண்டு தட்டிலும் ஒன்றையே எழுதும் றெயிட் ஏற்பாட்டால் இத்தகைய அழிவைத் தடுக்க முடியாமற் போனது ஏன் என்று சிலர் வினவலாம். ஒரு தட்டில் அழி என்று வந்த கட்டளையை மற்றத் தட்டும் அதே கணத்தில் உண்மையோடு நிறைவேற்றும். றெயிட் தட்டின் சாவுக்குக் காப்பு. கைப்பிழைக்கும் கள்வனுக்கும் இடிமின்னலுக்கும் காப்பன்று. பீற்றர் குரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி ஒன்றுண்டு: பிரதிகள் மூன்று, சேமிக்கும் சாதன வகைகள் இரண்டு, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளிநாட்டில் உறவினரைக் கொண்ட குடும்பங்களுக்கு இம்மூன்றாவது நிபந்தனை மிக எளிது. ஒரு வன்தட்டில் எழுதிப் போகிறவர் கையிற் கொடுத்துவிட்டாலே போதும்.

மீட்பு வேலைக்கு நேரம் வேண்டும். 4 டெறாபைற் தரவைச் செக்கனுக்கு 110 மெகாபைற் வேகத்தில் எடுத்தால் ஏறக்குறையப் பத்து மணி நேரம் செல்லும், பழைய யூ.எஸ்.பி. 2 இணைப்பில் அதுவே முப்பது மணி நேரத்தைத் தாண்டும். இரவு மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில் இதனைத் தொடங்கலாகாது. எடுத்து முடிந்தபின் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு கோப்புறையிலும் சிலவற்றையேனும் திறந்து பார்க்க வேண்டும். பெயரும் அளவும் சரியாயிருந்தும் பாதிப் படம் சாம்பல் நிறமாக வருவதுண்டு. நீண்ட ஒளிப்பதிவுகளை இறுதி வரை ஓட்டிப் பார்த்தல் நன்று. பழைய தட்டுகளை அறை எண் ஒட்டியபடியே தாளிற் சுற்றி, வேறெதற்கும் பயன்படுத்தாது சில மாதங்கள் அலுமாரியில் வைத்திருக்கலாம். மீட்டெடுத்த கோப்புகளுள் ஒன்று குறைகிறதென்று வீட்டில் எவராவது சொல்வது பெரும்பாலும் அம்மாதங்களுக்குள்ளேதான்.